பெட்டியோடு வந்த புரொப்பெல்லர்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் வந்து நின்றபோது, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "கவிதை மட்டும் வேணாம்டா சாமி, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கெடக்கு!" நல்ல வேளை, எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் படகு, அதன் மோட்டார், அந்த மோட்டாரின் கீழ் நுனியில் சுற்றும் மூன்று இதழ் அலுமினியத் துண்டு. அந்தத் துண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மேற்கே இருந்து பஸ் ஏறி வரும் நண்பர்கள் "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் வரும் கணக்கு எதுவும் நம் சிலபஸுக்கு வெளியே இல்லை.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேதாரண்யம் போகும் வழியில் கிழக்கே இறங்கினால் வரும் மணல் கரை. துறைமுகம் கிடையாது, ஜெட்டி கிடையாது. படகை டிராக்டர் கட்டித்தான் கரைக்கு இழுப்போம். 2004 டிசம்பர் சுனாமிக்கு முன்பு கட்டுமரங்கள் நிறையக் கிடந்த கரை என்று அப்பா சொல்வார். அதற்குப் பிறகு நிவாரணத்தில் வந்ததும், கடன் வாங்கிப் போட்டதுமாக இன்று பார்க்கும் இடமெல்லாம் ஃபைபர் படகுதான். எங்களுடையது 28 அடி. பின்னால் 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார். எங்கள் ஊரில் 'நைன் பாயின்ட் நைன்' என்றால் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பா, சித்தப்பா, அக்காவைக் கட்டிய மச்சான், தெருக்காரர் ஒருவர் என்று நாலு பேர் கடலுக்குப் போவார்கள். மீன் விற்ற காசில் முதலில் பெட்ரோல், ஆயில், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் பங்கு பிரிப்பார்கள். என் கல்லூரிக் கட்டணம் அந்தப் பங்கில் இருந்துதான் வருகிறது. ஆகவே புரொப்பெல்லரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். (அம்மா அதைக் 'காத்தாடி' என்பார். அந்தப் பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது.)

புரொப்பெல்லரின் குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எங்கள் மோட்டார் பெட்டியோடு வந்ததில் 9 1/4 × 9 3/4 என்று இருந்தது. இரண்டும் அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம். அதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது எண்தான் பிட்ச். லேத்தில் மரை வெட்டியவர்களுக்கு இது கைவந்த சங்கதி. போல்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் நட்டுக்குள் எவ்வளவு தூரம் இறங்குமோ, அதேதான். தண்ணீர் மட்டும் நட்டு மாதிரி கெட்டியாக இருந்திருந்தால், புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும்போது படகு 9 3/4 அங்குலம் முன்னே போயிருக்கும். தண்ணீர் கெட்டி இல்லையே! வழுக்கும். அந்த வழுக்கலுக்குப் பெயர் ஸ்லிப்.

எங்கள் கரையில் நிலவும் நம்பிக்கை என்னவென்றால், பிட்ச் கூடினால் வேகம் கூடும். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, அப்போது வேகம்தானே? கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நம் ஹாஸ்டல் நண்பர்கள் ஒரே பைக்கில் மூன்று பேர் ஏறிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் டாப் கியரில் போகப் பார்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். டாப் கியர் வேகமான கியர்தான். ஆனால் வண்டி முக்கும், திணறும், பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். படகுக்கு கியர் மாற்றும் வசதி இல்லை. முன்னே, பின்னே, நியூட்ரல், அவ்வளவுதான். எந்த கியரில் ஓட வேண்டும் என்பதைக் கரையிலேயே, புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இது ஏதோ பாடத்துக்காகச் சொல்லும் சமாச்சாரம் இல்லை. மோட்டார் வாங்கிய இரண்டாம் வருஷம், கரையில் இருந்து எட்டு கடல் மைலில், வலையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மெக்கானிக் மோட்டாரைப் பிரித்தார், கோடு கோடாகக் கீறியிருந்த பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினார், "ஆயில் கம்மியா கலந்திருக்கீங்கண்ணே" என்றார்.

அப்பாவுக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. செலவைக் கூடத் தாங்கிக்கொண்டார். அக்காவின் செயின் அடகுக்குப் போனது, அதையும் தாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி டூ டி ஆயில் ஊற்ற ஒரு பழைய கண்ணாடி பாட்டில் இருக்கிறது. அதில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு ஒரு சொட்டு குறைய ஊற்றியவர் இல்லை. "நான் கலந்தது கம்மியாம்ல..." என்று பல நாள் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோட்டார் சரியாகி வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. கரைக்குக் கடைசியாக வரும் படகுகளில் எங்களுடையதும் ஒன்று. ஏலத்தில் முதலில் வரும் மீனுக்குக் கிடைக்கும் விலை பிந்தி வருவதற்குக் கிடைக்காது. பக்கத்து வீட்டுப் படகில் 11 பிட்ச் போட்டிருந்தார்கள், அம்பு மாதிரி வரும். அப்பாவும் ஒரு 11 பிட்ச் வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டார். அவர்கள் தூண்டில் தொழில்காரர்கள், 22 அடிப் படகு, இரண்டு பேர், ஒரு ஐஸ் பெட்டி. எங்கள் படகில் நாலு பேர், மூட்டை மூட்டையாக வலை.

அந்தச் சமயத்தில் நான் இரண்டாம் ஆண்டு. "ஒரு வாரம் பொறுங்கப்பா, அளந்து பாத்துட்டு வாங்கலாம்" என்றேன். "கடலை அளக்கப் போறியாக்கும்" என்றார் சித்தப்பா.

அளக்க வேண்டியது கடலை அல்ல, மோட்டாரின் சுற்றை. ஒவ்வொரு மோட்டாருக்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கும். முழுத் திராட்டிலில் அது எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும் என்ற வரி. எங்களுடையதில் 4500 முதல் 5500 வரை. கையைக் கடைசி வரை முறுக்கியும் 4500-ஐத் தொடவில்லை என்றால் புரொப்பெல்லர் மோட்டாருக்குப் பாரம். 5500-ஐத் தாண்டி ஓடினால் பாரம் போதவில்லை. புரொப்பெல்லர் தேர்வு என்பதே இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. ஆனால் எங்கள் கரையில் இந்த அளவில் மோட்டார் வைத்திருப்பவர்கள் யாரிடமும் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர்!

நம் துறை ஆய்வகத்தில் பிளக் வயரில் கிளிப் போட்டு அளக்கும் டாக்கோமீட்டர் ஒன்று இருக்கிறது. துறைத் தலைவர் ஐயாவிடம் கடிதம் எழுதிக் கொடுத்து, சனி ஞாயிறுக்கு வாங்கிப் போனேன். இந்த மீட்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சுற்றுக்கு எத்தனை தீப்பொறி என்பதை அதில் சரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிஜ சுற்றில் பாதியோ இரண்டு மடங்கோ காட்டித் தொலைக்கும். அதைச் சரிபார்த்துக்கொண்டுதான் படகில் ஏறினேன்.

முதலில் வெறும் படகை ஓட்டினோம். வலை இல்லை, ஐஸ் இல்லை, சித்தப்பாவும் நானும் மட்டும். முழுத் திராட்டிலில் 4700. கையேட்டு வரம்புக்குள் பத்திரமாக இருக்கிறது. வேகம் ஜி.பி.எஸ்.ஸில் 8.6 நாட். "பாத்தியா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் சித்தப்பா. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் சொன்னதுதான் முடிவு. மோட்டார் வாங்கிய அன்று எல்லோரும் இப்படித்தான் ஒரு வட்டம் அடித்துப் பார்க்கிறார்கள்.

கரைக்கு வந்து வலையை ஏற்றினோம். நாலு பேரும் ஏறினோம். மீனுக்கும் ஐஸுக்கும் பதிலாக 50 கிலோ மணல் மூட்டை ஆறு. கரையில் நின்றவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. "என்ன மாப்ள, கடலுக்கே மணல் ஏத்துமதியா?" என்று ஒருவர் கேட்டது இன்னும் ஊரில் ஓடுகிறது. சிரிக்கட்டும். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளும் என்பதால், ஒரே கோட்டில் வடக்கே ஒரு தடவை, தெற்கே ஒரு தடவை ஓட்டி, இரண்டுக்கும் சராசரி எடுத்தோம்.

4150!

கையை முழுக்க முறுக்கியும் மோட்டார் 4150-க்கு மேல் ஏறவில்லை. வேகம் 6.8 நாட். அதாவது தினமும் திரும்பி வரும்போது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மோட்டார் அதன் கீழ் வரம்புக்கும் 350 சுற்று கீழே முக்கிக்கொண்டு வந்திருக்கிறது. திராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது, எரிபொருள் உள்ளே போகிறது, ஆனால் சுற்று ஏறவில்லை. உருளைக்குள் அழுத்தமும் சூடும் கூடும், பிஸ்டன் தலையில் கரி பிடிக்கும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். ஆயிலைச் சரியாகக் கலந்தாலும் பிடிக்கும்.

மோட்டார் வாங்கிய வருஷம் இந்தப் பாரம் இல்லை. அப்போது ஒரு செட் வலைதான், மூன்று பேர்தான். பிறகு இரண்டாவது வலை வந்தது. பெரிய ஐஸ் பெட்டி வந்தது. மச்சான் தொழிலுக்கு வந்தார். படகு வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போக, புரொப்பெல்லர் மட்டும் பெட்டியோடு வந்த அதே புரொப்பெல்லர்!

இன்னொரு உறவினர் படகில் இருந்து 9 1/4 × 8 அளவில் ஒன்றை இரவல் வாங்கி, அதே மணல் மூட்டை, அதே கோடு, அதே நாலு பேர். சுற்று 4850-க்கு ஏறியது. வேகம் 7.4 நாட். பிட்சைக் குறைத்தோம், வேகம் கூடியது! சித்தப்பா ஜி.பி.எஸ்.ஸை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் படகிலும் பார்த்தோம். 5400 சுற்று, மேல் வரம்புக்குள்தான், வேகம் 8.4. பழைய புரொப்பெல்லரைவிட வெறும் படகில் 0.2 நாட் குறைவு. ஆனால் வெறும் படகு மீன் கொண்டு வருவதில்லையே.

பெரிய மோட்டார்களைப் பற்றிய புத்தகங்களில், ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்று எழுதியிருப்பார்கள். எங்களுக்கு ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு 700 ஏறியது. காரணம் எளிது. 20 அங்குல பிட்சில் ஒரு அங்குலம் என்பது இருபதில் ஒரு பங்கு. எங்கள் சின்னப் புரொப்பெல்லரில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆகவே சின்ன மோட்டார்க்காரர்கள் ஒரேயடியாக இரண்டு, மூன்று அங்குலம் தாவக் கூடாது.

ஸ்லிப் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கடல் மைல் 1852 மீட்டர், அதாவது சுமார் 72,913 அங்குலம். அதை 60-ஆல் வகுத்தால் 1215. மோட்டாரின் சுற்றை பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1215-ஆலும் வகுத்தால், வழுக்கலே இல்லாதபோது வரவேண்டிய வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். எங்கள் கியரில் 27 பல், 13 பல், விகிதம் 2.08. பழைய புரொப்பெல்லரில், பாரத்தோடு, வரவேண்டியது 16 நாட், வந்தது 6.8. அதாவது 57 சதவீதத்துக்கு மேல் வழுக்கல்! புதியதில் 15.4-க்கு 7.4, சுமார் 52 சதவீதம். லேசான வேகப் படகுகளுக்கு இது 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். எங்கள் கணக்கைப் பார்த்த வகுப்பு நண்பன் "எங்கயோ தப்பு பண்ணிட்டே" என்றான். தப்பு இல்லை. இந்த மாதிரி மோட்டார்கள் தண்ணீர் மேல் தாவி ஓடும் லேசான படகுகளை மனதில் வைத்து, சின்ன விட்டத்தில், வேகமாகச் சுற்றும்படி செய்யப்பட்டவை. மெதுவாகப் போகும் கனமான படகுக்கு, பெரிய விட்டத்தில் மெதுவாகச் சுற்றும் புரொப்பெல்லர்தான் தோது. விசைப்படகின் டீசல் எஞ்சினுக்குக் கீழே பாருங்கள், எவ்வளவு பெரியது! எங்கள் மோட்டாரில் விட்டத்தைக் கூட்ட நினைத்தாலும் மேலே இருக்கும் தகடு இடிக்கும். ஆகவே எங்கள் கையில் இருப்பது பிட்ச் மட்டும்தான்.

அதிகம் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்ற நினைப்பு எங்கள் கரைக்கு மட்டும் சொந்தமானதல்ல. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் 1836-இல் திருகு வடிவ புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தில் செய்த திருகு, இரண்டு முழுச் சுற்று நீளம். 1837-இல் கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது எதிலோ இடித்துத் திருகில் பாதி உடைந்து போனது. நின்றுவிடும் என்று பார்த்தால் படகு முன்னைவிட வேகமாக ஓடியது! கதை மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது.

சரி, 8 பிட்ச் என்று முடிவாகிவிட்டது. அடுத்து வாங்குவது. புதியது விலை அதிகம், பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு அதே 9 1/4 × 8 இருக்கிறது என்று மச்சான் ஒன்றைக் கொண்டு வந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பாலிஷ் கூடப் போட்டிருந்தார்கள். அதைப் பையில் போட்டு நம் மெட்ராலஜி ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தேன்.

பிட்சை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். சர்ஃபேஸ் பிளேட், ஹைட் கேஜ், கோணமானி போதும். புரொப்பெல்லரைக் குப்புறப் படுக்க வைத்து, மையத்தில் இருந்து ஆரத்தின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வட்டம் வரைய வேண்டும். அந்த வட்டத்தில் ஒவ்வொரு இதழிலும் 60 டிகிரி இடைவெளியில் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 6-ஆல் பெருக்கினால் பிட்ச். 8 அங்குலம் என்றால் 203 மில்லிமீட்டர், ஆகவே வித்தியாசம் 34 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதல் இதழ் 34. இரண்டாவது 34. மூன்றாவது 29! அதாவது அந்த ஒரு இதழ் மட்டும் ஏழு அங்குலத்துக்கும் குறைவான பிட்ச். எங்கோ கல்லில் அடிபட்டதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் துடுப்புப் போடும்போது ஒருவன் மட்டும் சும்மா கை ஆட்டுவது மாதிரி. மோட்டார் அதிரும், தண்டின் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். மச்சான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சண்டை போட்டுக் கொடுத்தார் என்பது மலரில் அச்சிடத் தக்கதல்ல.

புதிய அலுமினியப் புரொப்பெல்லரே வாங்கினோம். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்கிப் போட்டா காலத்துக்கும் கெடக்கும்ல?" என்று அப்பா கேட்டார். கிடக்கும்தான். இதழ் மெல்லிசாக இருக்கும், வளையாது, வேகப் படகுக்கு நல்லது. ஆனால் எங்கள் கரையில் ஒவ்வொரு நாளும் அலையடிக்குள் மணல் திட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அலுமினியம் இடித்தால் இதழ் வளையும், இதழோடு போகும். ஸ்டீல் வளையாதபோது அந்த அடி உள்ளே கியருக்குப் போகும். குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் கொஞ்சம் தாங்கும், எல்லாவற்றையும் தாங்காது. மலிவான பொருள் முதலில் உடைவதுதான் எங்களுக்கு லாபம்.

அந்த ரப்பர் புஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை. அது உள்ளே தளர்ந்துவிட்டால் மோட்டார் கத்தும், படகு நகராது. கியர் போய்விட்டது என்று பயந்து மோட்டாரையே பிரித்தவர்கள் உண்டு. குடத்தின் பின்முகத்தில், உள் வளையத்தில் இருந்து வெளி வளையத்துக்கு நேராக ஒரு கோடு கீறி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் வழுக்குகிறது. காசு செலவில்லாத சோதனை.

மோட்டார் கத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலை தூக்கும்போது படகின் பின்பக்கம் எழும்பி, புரொப்பெல்லர் மேல்மட்டத்தில் இருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இதைக் 'கேவிடேஷன்' என்கிறார்கள், அதைத் தடுக்க இருக்கும் தகட்டையும் 'கேவிடேஷன் பிளேட்' என்கிறார்கள். கேவிடேஷன் வேறு. இதழின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீரே ஆவிக் குமிழாகி, அந்தக் குமிழ்கள் உடைந்து உலோகத்தைத் தின்பது அது. சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் டர்பைன் வைத்து ஓட்டிய டர்பினியா கப்பல் அவர் எதிர்பார்த்த வேகத்தைத் தொடாமல் அவரை அலைக்கழித்தது இதனால்தான். பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பெல்லர் என்று ஒன்பதாகப் பிரித்துப் போட்டு, 1897-இல் கடற்படை அணிவகுப்பின் நடுவே 34 நாட் வேகத்தில் பறந்தார். நம் சிக்கல் அது இல்லை, வெறும் காற்று. அதற்கு மருந்து மோட்டாரை மாட்டும் உயரம். அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டு விரற்கடை மேலே இருந்தது. பின் பலகையைச் செதுக்கி இறக்கினோம். அலையடியில் கத்துவது பெருமளவு நின்றது. புரொப்பெல்லரை எத்தனை மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது.

பெட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன். புதிய புரொப்பெல்லர் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நான் வீட்டில் வாக்குக் கொடுக்கவில்லை. முழுத் திராட்டிலில் சுற்று ஏறினால் மணிக்கு ஆகும் பெட்ரோலும் ஏறத்தான் செய்யும். மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது, அது கையில் இருக்கிறது. 1980-களில் சென்னையில் இருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் கடற்கரைப் படகுகளை வடிவமைத்த நார்வேக்காரர் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி எழுதிய கையேட்டை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. அதில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: வேகத்தைக் குறை. எங்கள் மாதிரிப் படகில், மோட்டாரின் திறன் தேவை ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். கடைசி ஒரு நாட்டுக்குத்தான் காசு கரைகிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது நடந்தது வாக்குவாதம். "நீ மெதுவா வான்னு சொல்லுவே. ஏலக்காரன் காத்திருப்பானா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கையேட்டுக்கு ஏலம் தெரியாது. கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். போகும்போது விடியலுக்கு முன், யாரும் துரத்தவில்லை. அப்போது கையைக் குறைத்து 6.5 நாட்டில் போவது, திரும்பும்போது முழுத் திராட்டில். பத்து கடல் மைலுக்கு இருபது நிமிடம் கூட ஆகிறது. கேனில் அளந்து பார்த்ததில் போகும் வழியில் மட்டும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். பங்கு பிரிக்கும் இடத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் சின்ன விஷயம் இல்லை. மாதத்துக்கு இருபது நாள் கடல் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். சித்தப்பா மட்டும் அந்த இருபது நிமிடத்தில் தூங்கி வழிவதாக மச்சானிடம் குறைப்பட்டாராம்!

திரும்பி வரும் வழியில், 6.8-க்கும் 7.4-க்கும் உள்ள வித்தியாசத்தில், பத்து கடல் மைலுக்கு ஏழு நிமிடம் முன்னதாக வருகிறார்கள். ஏழு நிமிடத்தில் இரண்டு மூன்று படகு முந்தலாம். முந்துகிறார்கள்.

கடலோர நண்பர்களுக்கு இன்னும் ஒன்று. புரொப்பெல்லரை வாரம் ஒரு தடவையாவது கழற்றுங்கள். வலையில் அறுந்த நைலான் நரம்பு குடத்துக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், அந்த வழியாகக் கடல் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும். கீழே உள்ள திருகைத் திறந்து கியர் ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றிய கையோடு பல் தண்டில் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் உப்பில் பிடித்துக்கொண்டு அடுத்த தடவை சுத்தியலுக்கு வேலை வரும். காட்டர் பின் பழையதையே மடக்கி மடக்கிப் போடாதீர்கள். மூன்றாவது மடக்கில் முறியும், நட்டு கழன்றால் புரொப்பெல்லர் கடலுக்குச் சொந்தம்.

டாக்கோமீட்டரைத் திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். அதற்கு முன், ஞாயிறு மாலையே மெக்கானிக் வீட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. நான் தாளில் எழுதி வைத்திருந்த எண்களை வாங்கிப் பார்த்தார். வெறும் படகு, பாரத்தோடு, பழையது, புதியது என்று நாலு வரி. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப லோடுதான்ணே தின்னிருக்கு. ஆயில் இல்ல" என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டு, "ஒரு டீ சாப்புடுவமா" என்று மட்டும் கேட்டார். மூன்று பேரும் கடைக்குப் போனோம். காசை அப்பாதான் கொடுத்தார்.

9 3/4 பிட்ச் புரொப்பெல்லர் இப்போது படகின் முன்பெட்டியில் சணல் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, கூடவே ஸ்பேனர், இரண்டு காட்டர் பின், ஒரு வாஷர். வழியில் இதழ் உடைந்தால் கை கொடுக்கும், மெதுவாக ஓட்டி வந்துவிடலாம். மோட்டார் மூடியைத் திறந்தால் உள்பக்கம், ஆயில் பாட்டிலில் கோடு போட்ட அதே சிவப்புப் பெயின்ட்டில், அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது: 'லோடு 4850. வெறும் 5400.' இந்த வருஷம் புதிதாக ஒரு வலை சேர்கிறது. மறுபடியும் டாக்கோமீட்டர் வேண்டும் என்று துறைத் தலைவர் ஐயாவுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மணல் மூட்டையை மச்சான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.